பதினாலாம் நம்பர் விளக்கு

விளக்கு நன்றாகவே எரிந்தது. அதைத்தான் ரிப்பேர் என்று சொல்லி என் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

கொண்டுவந்தவன் தாமோதரன். அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். இரண்டடிக்கு இரண்டடி எல்.இ.டி. பேனல் இரண்டை வேனிலிருந்து இறக்கி என் மேஜைமேல் வைத்தான். ஒன்று போன வருஷம் இடி விழுந்து கருகியது. உதிரிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னான். இன்னொன்றின் முதுகில் மார்க்கரால் 14 என்று எழுதியிருந்தது. பிளக்கில் சொருகினேன். பளிச்சென்று எரிந்தது.

"இதுக்கு என்ன கேடு?" என்றேன்.

"எரியுதுங்க அக்கா. ஆனா கெட்டுப்போச்சுங்குது" என்று கைபேசியை நீட்டினான்.

பேனல் விற்ற வெளிநாட்டுக் கம்பெனி போன வாரம்தான் அந்த ஆப்பைக் கொடுத்திருந்தது. தையல் ஹாலில் மிசினுக்கு ஒன்றாக இருக்கிற அறுபது பேனலும் அதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ஐம்பத்தொன்பது பச்சை. பதினாலு மட்டும் சிவப்பு.

"புதுசு கேட்டா கப்பல்ல வர ரெண்டு மாசங்கறாங்க. அவங்க ஆளு செவ்வாக்கெழம காத்தால ஒம்பது மணிக்கு செக் பண்ண வர்றாரு. அதுக்குள்ள அறுபதும் பச்சையாகோணும்னு மேனேஜர் சொல்லிப்போட்டாரு. சீல் உடைச்சது வெளிய தெரிஞ்சா வாரண்டி போயிரும். யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க."

எரிகிற விளக்கைக் கெட்டது என்று ஒரு கம்பெனி ஏன் சொல்கிறது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் புத்தி அப்படி. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. எதற்கு வேலை செய்கிறது என்று கேட்க மட்டும் வாயே வராது. பி.என். ரோட்டுச் சந்தில் பதினாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, அதை என்னைவிடத் தெருவில் இருப்பவர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வேறு எவராலும் முடியாத போர்டைக் கலாமணி முடித்துவிடுவாள் என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேருக்காகவே சோறு தண்ணி இல்லாமல் உட்காருவேன்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அதோடு போயிற்று. இந்த மாதிரி போர்டுகளுக்கு சர்க்யூட் படம் யாரும் தரமாட்டார்கள். இருக்கிற போர்டைப் பார்த்து படத்தை நாமேதான் வரைந்துகொள்ள வேண்டும். முன்புறம் ஒரு போட்டோ, பின்புறம் ஒரு போட்டோ. பின்புறத்தை இடவலமாகத் திருப்பி முன்புறத்தின்மேல் பொருத்துவேன். பிறகு மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்துக்கொண்டு எந்தக் கால் எந்தக் காலோடு சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து இருநூறு பக்க நோட்டில் கோடு போடுவேன். கரண்டை மாற்றிக் கொடுக்கிற பகுதி ஒரு நாளில் முடிந்தது. எல்.இ.டி. வரிசைகளுக்கு அரை நாள். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை.

மீதி இருந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. பேனலின் நடுவில் கடுகளவில் நாலு கறுப்புக் கண்கள் இருந்தன. வெளிச்சத்தை உணர்கிற வகை. வெளிச்சம் கொடுக்க வந்த விளக்குக்கு வெளிச்சத்தைப் பார்க்கிற கண் எதற்கு? வெயில் ஏறினால் விளக்கு தானே மங்கிக்கொள்ளத்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கு ஒன்று போதும். நாலு வேண்டியதில்லை. கண்களுக்குப் பின்னால் ஒரு சிப். அதன்மேல் இருந்த நம்பரை வேண்டுமென்றே தேய்த்து அழித்திருந்தார்கள். கண்ணிலிருந்து சிப்புக்குப் போகும் பாதை ஓரிடத்தில் பச்சை பூத்து அறுந்திருந்தது. கூரை ஒழுகித் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் முடியளவு கம்பியை வைத்து அந்த இடத்தைச் சேர்த்தேன். தாமோதரன் கைபேசியைப் பக்கத்தில் கொண்டுவந்தான். பதினாலு பச்சையானது. "உங்களை விட்டா ஆளில்லீங்க அக்கா" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. திங்கள்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் மாட்டிவிடுவதாகச் சொல்லித் தூக்கிக்கொண்டு போனான்.

திங்கள்கிழமை காலை பத்து மணி இருக்கும். கையில் வேறு வேலை இல்லை. அந்த நாலு கண்கள் மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தன. கருகின பேனலில் கரண்ட் பகுதிதான் போயிருந்தது. கண்களும் சிப்பும் நன்றாகவே இருந்தன. தனியாக சப்ளை கொடுத்து எரியவிட்டு, சிப்பிலிருந்து வெளியே போகிற காலை லேப்டாப்பில் இணைத்தேன்.

திரையில் ஒரு கோடு ஓடியது. நான் விளக்குக்கு நேராகக் குனிந்தால் கோடு ஏறி இறங்கியது. விலகினால் படுத்துக்கொண்டது. மறுபடி குனிந்து அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தாறு. எதற்கும் பார்ப்போம் என்று கழுத்தில் விரலை வைத்து நாடியை எண்ணினேன். அதுவும் எழுபத்தாறு.

கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். எத்தனையோ ஆயிரம் போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு போர்டு என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலில் நினைவுக்கு வந்தது நங்கை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். பெயர் சம்பூர்ணம். அண்ணன் இறந்து ஆறு வருஷமாகிறது. பெருமாநல்லூரில் தனியாக இருந்துகொண்டு அந்தக் கம்பெனியில், அந்த ஹாலில்தான் ஓவர்லாக் தைக்கிறார். அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. மூன்று துடித்தால் நாலாவது வரத் தாமதமாகும். ஆஸ்பத்திரி வரிசைகளில் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்து உட்கார்ந்து அந்தத் துடிப்பு எனக்கு மனப்பாடம். ஆபரேசனுக்குத் தேதி கொடுத்தாயிற்று, இன்னும் இருபத்தாறு நாள். வேலையோடு வந்த காப்பீட்டு அட்டையில்தான் அது நடக்கும். வேலையில் இருக்கிறவரைதான் அட்டை செல்லும். அதனால் நோயைப் பற்றிக் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாமல் மூடி வைத்திருந்தோம்.

போன ஒரு வருஷத்தில் அந்த ஹாலிலிருந்து பதினோரு பெண்களை நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலம் ஒரு மெசேஜ் வரும், லைன் சீரமைப்பு என்று. அவ்வளவுதான். காரணம் கேட்டால் சிஸ்டம் சொன்னது என்பார்கள். சிஸ்டத்துக்கு யார் சொன்னது என்று எனக்கு இப்போது புரிந்தது. ஷிப்டு நேரத்தில் பெண்களின் கைபேசிகள் லாக்கரில் பூட்டிக் கிடக்கும். மதியம் பன்னிரண்டரை வரை வேறு வழியில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்தேன். மூன்று டீ குடித்தேன்.

மணி அடித்ததும் நங்கை டிபன் பாக்ஸோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்து ரோட்டைக் கடந்து வந்தார்.

"என்ன அம்மணி, இந்த வெயில்ல? மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது."

"நங்கையா, நான் சொல்றத பதட்டப்படாம கேக்கோணும்."

"பதட்டமெல்லாம் உனக்குத்தான் இருக்குது. மொதல்ல உக்காரு."

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னேன். "உங்க தலைக்கு மேல எரியறது வெறும் லைட்டு இல்லீங்க. நெஞ்சு ஒருக்கா துடிச்சா மூஞ்சித் தோல்ல ரத்தம் துளி ஏறி எறங்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. அந்த லைட்டு நொடிக்கு ஆயிரந்தடவ சிமிட்டி, மூஞ்சியில பட்டுத் திரும்பற வெளிச்சத்தப் பாத்து அதை எண்ணிப்போடுது. யாருக்குத் துடிப்பு ஏறுது, யாருக்கு விட்டு விட்டுத் துடிக்குது, எல்லாம் அதுக்குத் தெரியும். மிசின்ல நீங்க அட்டையக் காட்டிட்டு உக்கார்றீங்களா, அதனால ஆளும் தெரியும். கருகுன பேனல் ஒன்னு என்கிட்ட இருக்குது, அதோட சிப்பப் படிச்சுப் பாத்துட்டேன். அன்னிக்கு எண்ணுனத எல்லாம் சேத்து வெச்சிருந்து, அஞ்சரை மணிக்கு ஷிப்டு முடிஞ்சதும் அனுப்பிப்போடும்."

நங்கை எலுமிச்சைச் சோற்றை ஒரு வாய் வைத்து நிதானமாக மென்றார்.

"எப்படிப் பாக்குதுன்னு எனக்குத் தெரியாது. பாக்குதுன்னு தெரியும்" என்றார்.

ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எங்க லைன் மஞ்சுளாளுக்கு நாள் தள்ளிப்போனது அவ புருசனுக்கே தெரியாது. கம்பெனிக்குத் தெரிஞ்சு நிறுத்திப்போட்டாங்க. அப்புறம் சக்கரை நோவுக்காரி ஒருத்தி. அப்புறம் காச்சலோட வந்தவ ஒருத்தி. யாரு போனா, எந்த மிசின்ல உக்காந்தவ போனான்னு நாங்க எண்ணிக்கிட்டே வந்தோம். நீ போர்டப் பிரிச்சுக் கண்டுபிடிக்கற. நாங்க ஆள எண்ணிக் கண்டுபிடிச்சோம். பதினாலாம் நம்பர் லைட்டுக்கு அடியில உக்காந்தவ ஒருத்திகூடப் போகல. மழைத் தண்ணி உளுந்த லைட்டு அது. அதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு புரிஞ்சுக்கிட்டோம். அப்ப இருந்து யாருக்கு ஒடம்பு முடியலையோ அவளுக்குத்தான் அந்த மிசினு. சூப்பர்வைசர் கேட்டா, இதுல தையல் நல்லா உளுகுதுங்கம்போம். ஏழு மாசமா நாந்தான் உக்காந்திருக்கேன். இடையில ரெண்டு மூணு நாளு அதைக் கழட்டிட்டு சாதா லைட்டு போட்டிருந்தாங்க. இன்னிக்குத் திரும்ப அதையே மாட்டிட்டாங்க. அதையெல்லாம் இங்க யாரும் ரிப்பேர் பண்ண முடியாதுன்னு தாமோதரன் முன்னயே சொல்லியிருக்கான்."

பேக்கரியில் பன் தட்டை நகர்த்துகிற சத்தம் காதுக்குள் கேட்டது. எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"நங்கையா, பதினாலை நாந்தான் ரிப்பேர் பண்ணுனேன். இப்ப அதுக்குக் கண்ணு தெரியும்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. திரும்பிக் கம்பெனிக் கேட்டைப் பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸை மூடினார்.

"இன்னிக்கு எண்ணுனது போயிருச்சா?"

"இல்லீங்க. அஞ்சரைக்குத்தான் போகும்."

"அதுக்குள்ள கழட்டி உன்ற கைக்கு வந்துட்டா?"

"அழிச்சுப்போடலாம்."

கேட்டுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்த பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பக் கழட்டு. காத்தால இருந்து அதுக்கு அடியிலதான் உக்காந்திருக்கேன். மத்தியானமும் அங்கயே உக்காந்துக்கறேன், வேற லைட்டுல பட வேண்டாம்."

"நங்கையா, நான் வேணும்னு..."

"ரிப்பேருக்குக் குடுத்தா ரிப்பேர்காரி ரிப்பேர்தான் பண்ணுவா. போ, ஆகற வேலையப் பாரு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

தாமோதரனைக் கம்பெனி ஸ்டோர் ரூமில் பிடித்தேன். வழியெல்லாம் யோசித்து வந்த பொய்யைச் சொன்னேன். பதினாலில் தவறான கெபாசிட்டர் போட்டுவிட்டேன், சூடேறித் தீப்பிடிக்கலாம், உடனே கழற்ற வேண்டும்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீங்க கை வெச்சது இதுவரைக்கும் ஒன்னுகூடத் திரும்பி வந்ததில்லீங்களே அக்கா."

"இப்ப வந்துருச்சு."

பதினாறு வருஷத்தில் நான் சேர்த்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். அதை அந்த ஸ்டோர் ரூமில் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

"லைன் ஓடறப்ப ஏணி போட உட மாட்டாங்க. நாலு மணி டீ டைம்ல கழட்டித் தர்றேன். ஆனா காத்தால எட்டு மணிக்கு எனக்குப் பச்சையா வேணும். அவங்க ஆளு வந்து செவப்பப் பாத்தான்னா புது பேனல் எறக்கிருவான், என்னைய எறக்கிருவாங்க" என்றான்.

மதியம் ஒன்றரையிலிருந்து நாலு மணிவரை ஸ்டோர் ரூமில் ஒரு நூல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அறுபது மிசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நங்கையின் தலைக்குமேல் நான் பழுது பார்த்துக் கொடுத்த நாலு கண்கள் ஒவ்வொரு துடிப்பாக எண்ணிக்கொண்டிருக்கும். மூன்று, பிறகு ஒரு தாமதம்.

நாலு மணிக்குப் பெண்கள் எல்லாரும் கேன்டீனுக்குப் போனபிறகு தாமோதரன் ஏணி போட்டான். நாலே காலுக்குப் பேனல் என் கையில் இருந்தது. எப்படிக் கடைக்கு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. ஐந்து மணிக்கெல்லாம் சிப்பைத் திறந்துவிட்டேன். காலையிலிருந்து எண்ணியது முழுக்க உள்ளேயே இருந்தது. ஒரு எழுத்துகூட வெளியே போகவில்லை. நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

அழிப்பதற்குமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த அரிப்பு எனக்கு எப்போதும் உண்டு.

கோடு ஓடியது. நிமிடத்துக்குத் தொண்ணூற்றெட்டு. வேகமான துடிப்பு, ஆனால் ஓர் இடத்தில்கூடத் தாமதம் இல்லை. பத்து மணிக்குப் பதிவானதைப் பார்த்தேன். பதினோரு மணிக்குப் பதிவானதைப் பார்த்தேன். மதியம் ஒரு மணிக்குமேல் பதிவானதைப் பார்த்தேன். மூன்றுக்குப் பிறகு நாலாவது ஒழுங்காக வந்தது.

இது நங்கை இல்லை.

அவர் பதினாலின் கீழ் உட்காரவே இல்லை. அப்படியானால் கண் தெரிகிற வேறு ஒரு விளக்கின் கீழ் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். எந்த விளக்கு? ஐம்பத்தொன்பதில் எது? மணி ஐந்து ஒன்பது. நங்கைக்கு அடித்தேன், கைபேசி லாக்கரில் கிடந்தது. தாமோதரனுக்கு அடித்தேன்.

"கம்பெனி சாயப்பட்டறைக்கு வந்துட்டனுங்க அக்கா. ஜெனரேட்டர் மக்கர் பண்ணுது. திரும்பி வர அஞ்சே முக்காலாகும். என்னங்க?"

"ஒன்னுமில்ல" என்றேன். என்னவென்று சொல்வது. எந்த நம்பர் என்று எனக்கே தெரியாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி ஓர் இருபது நிமிஷம் என் பகையாளிக்கும் வர வேண்டாம். ஐந்தரை ஆயிற்று. வெளியே ரோட்டில் எல்லாம் எப்போதும்போலவே ஓடிக்கொண்டிருந்தது.

ஆறேகாலுக்கு நங்கை கடைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அழிச்சிட்டயா?" என்றார்.

"யாரு நங்கையா அது?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "சஞ்சுக்தா. ஒடிசாப் பொண்ணு. இருவது வயசு. இங்க அவளுக்குன்னு ஒரு நாதி கெடையாது. ரெண்டு மாசம் முழுகாம இருக்கா. காத்தால பாத்ரூம்ல வாந்தி எடுத்துட்டு நின்னா. நாந்தான் எந்திரிச்சு அவளை உக்கார வெச்சேன். யாருக்கு ரொம்ப வேணுமோ அவளுக்குத்தான் அந்த மிசினு. அது நாங்க பேசி வெச்சுக்கிட்டது."

"நீங்க எந்த லைட்டுல உக்காந்திருந்தீங்க?"

"ஒம்பது."

"மத்தியானமே சொல்லியிருந்தா ஒம்பதையும் சேத்துக் கழட்டியிருப்பேனல்லங்க?"

"ஒன்னைக் கழட்டுனா ரிப்பேரு. ரெண்டைக் கழட்டுனா என்ன ஏதுன்னு கேள்வி வரும். அப்புறம் ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."

"அப்ப ஒம்பதை மட்டும் கழட்டியிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல" என்றார்.

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என்னை ஏமாற்றியது பெரிதில்லை. என்னைப் பற்றிச் சரியாகக் கணித்திருந்தாரே, அதுதான் பொறுக்கவில்லை. எவளோ ஒரு சஞ்சுக்தாவுக்காக நான் என் பெயரைக் கெடுத்துக்கொண்டு அந்த ஸ்டோர் ரூமில் போய் நின்றிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உங்க ஆபரேசனு? இன்னும் இருவத்தாறு நாள் இருக்குதுங்க."

"ஒரு நாள்தான அம்மணி. எல்லாரையும் முதல் நாளே அதுக்குத் தெரிஞ்சுருதா என்ன. மஞ்சுளாளுக்கு நாலு நாள் ஆச்சு. அப்படியே ஆனாலும், ஏழு மாசம் நான் உக்காந்தாச்சு. அவளுக்கு இன்னும் ஏழு மாசம் வேணும்." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு அந்த லைட்டு மறுக்கா குருடாத்தான போகோணும்?"

"குருடாக்குனா செவப்பு காட்டும். செவப்பு காட்டுனா புது பேனல் மாட்டிருவாங்க. பச்சையும் காட்டோணும், கண்ணும் தெரியக்கூடாது."

"முடியுமா?"

முடியும். மூன்று நாள் உட்கார்ந்து போட்ட படம் நோட்டில் இருந்தது. கண்ணிலிருந்து சிப்புக்குப் போகிற வழியில் ஒரு சின்னச் சிப்பை நடுவே வைத்து, யாருடைய நல்ல துடிப்பையாவது அதில் பதிந்துவிட்டால், கீழே யார் உட்கார்ந்தாலும் பெரிய சிப் அந்தத் துடிப்பைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். முதலில் கணக்குப் போட்டு ஒரு துடிப்பைத் தயாரித்துக் கொடுத்துப் பார்த்தேன். பெரிய சிப் உடனே பழுது என்று லேப்டாப்பில் காட்டியது. அளந்து வைத்தாற்போல ஒரே சீராகத் துடித்தால் அது நம்பவில்லை. உயிருள்ள மனுசத் துடிப்புத்தான் வேண்டும். பத்து நிமிஷம், எண்பதுக்குக் கீழே. அது கிடைத்தால் ஷிப்டு முழுக்கத் திருப்பித் திருப்பி ஓட்டலாம்.

நங்கையின் துடிப்பு ஆகாது. வேறு யாரையும் கூப்பிட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். நான்தான் விளக்குக்கு நேராக உட்கார்ந்தேன். திரையைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு.

"மூச்ச இழுத்து உடு" என்றார் நங்கை. நூற்றெட்டு. தண்ணீர் குடித்தேன். நூற்றுப் பத்து. ஒன்பதாம் நம்பர் விளக்கு இந்நேரம் அனுப்பியிருக்கும், யாரோ, எதுவோ அதைப் படித்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு ஒவ்வொரு தடவையும் வந்து கோட்டை மேலே தூக்கியது. காலை எட்டு மணிக்குத் தாமோதரன் வந்துவிடுவான். அந்தப் பெண் எட்டரைக்கு வந்து உட்காருவாள். அவளைக் காப்பாற்ற அமைதியான இதயம் ஒன்று வேண்டும். அந்தக் கடையில் இருந்த இரண்டு பேரிடமும் அது இல்லை.

நங்கை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை நகர்த்திக்கொண்டு எனக்கு எதிரே வந்தார்.

"கட்டிங் மாஸ்டர் துரைராஜ் இருக்கறானல்ல, அவன் விக்கு வாங்கியிருக்கான், தெரியுமா?" என்றார்.

"இப்ப அதுங்களா நங்கையா முக்கியம்?"

"கேளு. போன வெள்ளிக்கெழம மொதமொதலா வெச்சுக்கிட்டு வந்தான். செக்கிங் டேபிள்ல குனிஞ்சு ஏதோ பாத்தான். எந்திரிச்சா விக்குல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கிச்சு. எக்ஸ்.எல்.-ன்னு. ஒருத்தியும் சொல்லல. மத்தியானம் வரைக்கும் எக்ஸ்.எல்.-லோடயே லைன் பூரா மொறச்சுக்கிட்டுத் திரிஞ்சான்."

என்னை அறியாமல் சிரித்தேன். தொண்ணூறு.

"சூப்பர்வைசர் பாத்துட்டு, 'மாஸ்டரே, சைஸ் கொஞ்சம் பெருசா எடுத்துட்டீங்களாட்ட இருக்குது' ன்னான். அவன் பேண்ட்டச் சொல்றான்னு நெனச்சுக்கிட்டு, 'இல்லீங், துவைச்சா சுருங்கிரும்' ங்கறான்."

எண்பத்தொன்று. எழுபத்தெட்டு. பதிவை ஓடவிட்டேன். அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். துரைராஜின் மனைவி அந்த விக்கை வெயிலில் காயப் போட்டதும், மாமியார் அதை எலி என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்ததுமாகக் கதை வளர்ந்தது. பாதி இட்டுக்கட்டியதுதான் என்று தெரிந்தும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். அவர் மடியில் இருந்த கைபேசி ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார்.

"என்னதுங்க?"

"ஏதோ நகைக்கடை விளம்பரம். ஆடித் தள்ளுபடியாம்" என்று சொல்லிக் கவிழ்த்து வைத்தார். "எங்க விட்டேன். ஆங், விளக்குமாறு. அந்தம்மா ஓங்கி ஒன்னு போட்டுச்சு பாரு..."

பத்து நிமிஷம் ஆயிற்று. பதிவைச் சின்னச் சிப்பில் ஏற்றி, அதை நடுவே வைத்து இணைத்தேன். பெரிய சிப் என்ன சொல்கிறது என்று லேப்டாப்பில் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. விளக்கின் கீழ் என் கையை நீட்டினேன், நங்கையின் கையை நீட்டச் சொன்னேன், யாருமில்லாமல் வெறும் ஸ்டூலை வைத்தேன். எல்லாவற்றுக்கும் அதே எழுபத்து நாலு, எழுபத்தைந்து. சஞ்சுக்தாவின் தொண்ணூற்றெட்டை மிச்சமில்லாமல் அழித்தேன்.

"ஆச்சா?"

"ஆச்சுங்க."

"மறுக்கா எடுக்கற வேலை ஒன்னும் இல்லையே?"

"இல்லீங்க."

நங்கை கைபேசியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

'லைன் சீரமைப்பு காரணமாக நாளை முதல் தாங்கள் பணிக்கு வரத் தேவையில்லை. அடையாள அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் கேட்டில் ஒப்படைக்கவும்.'

மெசேஜ் வந்த நேரம் ஆறு ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகும் நாலு நிமிஷம் அவர் விக் கதையைச் சொல்லியிருக்கிறார், நான் சிரித்திருக்கிறேன். பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் மிகச் சுத்தமாக விழுந்திருந்தது அந்த நாலு நிமிஷம்தான்.